பத்து விரல் கைநாட்டு

எழுதத் தெரியாதவர் வைப்பது கைநாட்டு.
எழுதக் கற்றுத்தர வருகிறவரும் வைத்தாக வேண்டும்,
ஒன்றல்ல, பத்து.

மான்டானாவின் கிழக்கோரம்,
ஷெரீப் அலுவலகத்தின் பின்னறை.
திருட்டில் பிடிபட்டவனுக்கும்
ஆசிரியர் உரிமம் கேட்பவருக்கும்
இங்கே ஒரே மைப்பலகை.
விரலைப் பிடித்து உருட்டுவது என் வேலை.
செவ்வாய், வியாழன், இரண்டு முதல் நான்கு வரை.

மார்லிஸ் ட்வெட் மூன்றாம் முறையாக வந்திருக்கிறாள்.
இரண்டு தடவையும் தலைநகரிலிருந்து
அட்டை திரும்பிவிட்டது:
ரேகை தெளிவில்லை.

எப்படித் தெளியும்?
விடிகாலை ஐந்தரைக்குப் பள்ளிப் பேருந்தின்
உறைந்த கண்ணாடியைச் சுரண்டுகிற கை.
பத்து மணிக்குமேல் அதே பள்ளியின் சமையற்கூடத்தில்
நூற்றுப்பத்துத் தட்டுகளைக் காரத்தண்ணீரில் முக்குகிற கை.
பதினேழு வருடம்.
தேய்ந்தது தோல் மட்டுமல்ல என்று ஏதோ சொல்ல வந்தேன்.
அவளுக்கு அந்த மாதிரிப் பேச்சு பிடிக்காது.

இடது சுண்டுவிரலை உருட்டும்போது
கணக்குச் சொல்லத் தொடங்கினாள்.
தேர்வுக் கட்டணம், கணிதத்துக்கு இரண்டு தடவை.
முதல் தடவை மூன்று மதிப்பெண்ணில் போயிற்று.
எங்கே படித்தாய் என்றேன்.
காலை நடை முடிந்து சமையற்கூடம் திறக்கும்வரை,
நிறுத்திய பேருந்தில், பதினோராம் இருக்கையில்.
அங்கேதான் வெயில் விழும்.
டீசல் வீணென்று ஹீட்டர் போடமாட்டாள்.
முன்னிருக்கையின் முதுகில் பென்சிலால் எழுதிவைத்தாளாம்:
வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கு.
ஒரு வாரம் கழித்து அதன்கீழே
யாரோ ஒரு பிள்ளையின் கோணல் எழுத்து:
ஏன்?

"அதுக்கு எனக்குப் பதில் தெரியல.
இரண்டாவது தடவை அதைத்தான் படிச்சேன்."

உதவித்தொகை?
அரசு தருவது ஒன்று உண்டு.
இப்படிப்பட்ட ஊரில் நாலு வருடம் கற்பித்தால் கொடை.
ஒரு வருடம் குறைந்தால்,
ஒரு படிவம் அனுப்ப மறந்தால்,
கடன். முதல் நாளிலிருந்து வட்டியோடு.
பரிசுப் பொட்டலத்துக்குள்
வட்டிக்கடைக்காரன் சம்மணமிட்டிருக்கிறான்.

இன்னொன்று,
ஹால்வர் லுண்டே என்ற கோதுமைக்காரர்
எழுதிவைத்துவிட்டுப் போன எழுநூற்றைம்பது டாலர்.
இந்த மாவட்டத்தில் பிறந்தவருக்கு மட்டும்.
மார்லிஸின் அம்மாவுக்கு வலியெடுத்த இரவு பனிப்புயல்,
திறந்திருந்த ஒரே சாலை கிழக்கே.
மாநில எல்லை தாண்டி ஒன்பது மைலில் பிறந்தாள்.
மூன்றாம் நாளே இங்கே கொண்டுவந்துவிட்டார்கள்,
நாற்பத்து நான்கு வருடமாயிற்று.
"மூணு நாள்தானே, இந்த ஊர்னே எழுதிடேன்" என்றேன்.
"கையில் மை ஈரமா இருக்கும்போதா
இதைச் சொல்றே?" என்றாள்.

அப்புறம் பயிற்சிக் கற்பித்தல்,
பதினான்கு வாரம், சம்பளம் கிடையாது.
பேருந்து ஓட்டலாம், தட்டுக் கழுவ நேரமில்லை.
முதல் வெள்ளிக்கிழமை
சமையற்கூட மேசைமேல் ஒரு காப்பித்தூள் டப்பா,
உள்ளே கசங்கிய நோட்டுகள்.
ரோண்டா முகத்தைத் திருப்பிக்கொண்டு வெங்காயம் நறுக்கினாள்.
"கடனா?" என்று கேட்டாளாம் மார்லிஸ்.
"நாலு வருஷம் இந்த ஊரில் இருந்தால் கொடை"
என்றாளாம் யூலாலியா.
சிரித்துச் சொன்னாள் இதை,
விரல் ஆடிக் கட்டம் ஒன்று கலைந்தது.
வேறு அட்டை எடுத்தேன்.

இந்த முறை பத்து நாள் ரப்பர் கையுறை.
இரவில் பசுமடிக்குத் தடவும் தைலத்தைப் பூசி
கம்பளிக் காலுறைக்குள் கையைவிட்டுத் தூங்கியிருக்கிறாள்.
வலது கட்டைவிரல் கடைசி.
விழுந்தது ஒரு சுழி,
குறுக்கே ஒரு பழைய கத்தி வெட்டு.
இருவரும் குனிந்து பார்த்தோம்.
"இது போதுமா?"
எனக்கென்ன தெரியும், தலைநகரைத்தான் கேட்க வேண்டும்.

சுவரில் மணி இரண்டு ஐம்பது.
துடைக்கத் துணி எடுத்து நீட்டுவதற்குள் ஓடிவிட்டாள்.
கதவின் பிடியில்,
கண்ணாடியில்,
அட்டையில் விழுந்ததைவிடத் தெளிவாக
அவள் விரல்கள்.